கிழக்கு ஏன் ஒரு வருடத்தில் கைமாறியது? படுவான்கரையில் சங்கிலி பிடித்த ஒருவரின் பதில்

பதிலை மட்டும் வாசிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். கேட்டவர் இலங்கையின் கிழக்கு மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு நடுப்பகுதி வரைபடம் ஒன்றைப் போட்டிருக்கிறார். வடக்கே வெருகலிலிருந்து தெற்கே கஞ்சிகுடிச்சாறு வரை, மட்டக்களப்பு அம்பாறை மாவட்டங்களின் உட்பகுதி அதில் விடுதலைப் புலிகளின் நிலமாகச் சிவப்பில் இருக்கிறது. "இவ்வளவு நிலத்தைப் பத்து வருடம் வைத்திருந்தார்கள். வன்னியில் ஒவ்வொரு ஊருக்கும் மாதக்கணக்கில் சண்டை நடந்தது. கிழக்கு மட்டும் எப்படி ஒரு வருடத்துக்குள் போனது? கருணா பிரிந்ததுதான் முழுக் காரணமா?" என்பது கேள்வி. (வன்னி என்பது புலிகளின் தலைமை இருந்த வடக்குப் பெருநிலம். கருணா புலிகளின் கிழக்குத் தளபதியாக இருந்து 2004இல் பிரிந்தவர்.) அம்மாவின் ஊர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் என்றும், வீட்டில் யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். தம்பியா தங்கச்சியா என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும், கேள்விக்குள் இருக்கும் கேள்வி "கருணா பிரியாமல் இருந்திருந்தால் கிழக்கு நின்றிருக்குமா" என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

நான் ஆமியிலும் (அரச இராணுவத்திலும்) இருந்ததில்லை, இயக்கத்திலும் (புலிகளிலும்) இருந்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேல் நில அளவை வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி இந்த இரண்டு மாவட்டங்களில்தான். வயல் எல்லை, குளக்கட்டு, வாய்க்கால், வீதி என்று சங்கிலி பிடித்து நடந்த நிலம் இது. அதனால் எந்த மேட்டில் நின்றால் எது தெரியும், எந்த வயலில் எந்த மாதம் டிராக்டர் புதையும் என்பதில் நான் சொல்வதை நம்பலாம். படைத் திட்டம் போட்ட அறைகளுக்குள் நான் இருந்ததில்லை. தலைவர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் எங்காவது சொன்னால், அதைக் கொஞ்சம் தள்ளி வைத்து வாசியுங்கள்.

முதலில் உங்கள் வரைபடத்தின் சிவப்பு. ஒரு இடத்துக்கு நிறம் பூசினால் அந்த நிறம் அங்கே எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்கிறது என்று கண் நம்பிவிடும். வன்னியில் அது ஓரளவு சரி. முகமாலையில் நின்றால் முன்னரங்கு என்பது உண்மையாகவே ஒரு கோடு: மண் அணை, பங்கர், முள்ளுக்கம்பி, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத வெளி. கிளாலியிலிருந்து நாகர்கோவில் வரை இரண்டு முனையும் தண்ணீரில் முடியும். சுற்றிப் போக வழியில்லாததால் இரண்டு பக்கமும் நேராக முட்டித்தான் ஆகவேண்டும். மட்டக்களப்பில் அப்படி ஒரு கோட்டை யாராலும் கட்ட முடியாது. ஏன் என்று சொல்ல நிலத்தைக் கொஞ்சம் விரித்துக் காட்ட வேண்டும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம். அதற்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் மணல் துண்டு எழுவான்கரை. பல இடங்களில் இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு மேல் அகலம் இல்லை. பட்டினம், பெரிய ஆஸ்பத்திரி, சந்தை, பிரதான வீதி எல்லாம் அதில்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரை: வயல், குளம், பற்றைக்காடு, அப்புறம் பெருங்காடு. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை என்று ஊர் எப்போதோ பெயர் வைத்துவிட்டது. இரண்டையும் இணைத்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்கள். வவுணதீவுக்குப் போகும் வலையிறவுப் பாலம், தெற்கே பட்டிருப்புப் பாலம், இடையில் மண்முனை, அம்பிளாந்துறை, மண்டூர் போன்ற துறைகள். வெளியூர்க்காரருக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கம் ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கே "பாதை" என்றுதான் பெயர். மண்முனையில் பாலம் வந்தது 2014இல். அதுவரை அங்கே பாதைதான். வாவியின் வடக்கே செங்கலடியிலிருந்து பதுளை வீதி மேற்கே போகிறது. அதன் வாசலில் இருந்த கறுத்தப் பாலம்தான் அந்தப் பக்கத்துக் கதவு.

இனி மேற்கே பாருங்கள். படுவான்கரையின் அகலம் வாவியிலிருந்து மாவட்ட எல்லை வரை 25, 30 கிலோமீற்றர். அதற்கு அப்பால் வெலிக்கந்தை, மகாஓயா, தெற்கே கல்லோயாத் திட்டத்துக் குடியேற்றங்கள். அவை எல்லாம் அரசின் பின்தளம்; வீதியும் முகாமும் உள்ள இடங்கள். ஆக உங்கள் வரைபடத்தின் சிவப்பு, நீளமாகவும் ஒடுக்கமாகவும் கிடக்கும் ஒரு துண்டு நிலம். கிழக்கே ஆமி, மேற்கே ஆமி. பின்வாங்கி மூச்சு விடுவதற்கு ஆழம் இல்லை. வெளியே போக ஒரே ஒரு வாசல்: வடக்கே வாகரை, வெருகல் ஊடாகத் திருகோணமலைக் காடு, அங்கிருந்து வன்னி. கடல் வழியாக ஏதும் வந்து இறங்குவதென்றாலும் வாகரைக் கரைதான். இந்த வாசலை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இப்படிப்பட்ட நிலத்தில் எப்படிப் பத்து வருடம் இருந்தார்கள் என்று கேட்கலாம். இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வருகிறது. கிழக்கில் யாரிடம் எவ்வளவு நிலம் இருந்தது என்பதைப் பெரும்பாலும் கிழக்கில் நடந்த சண்டை தீர்மானிக்கவில்லை. வடக்கில் எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு ஆள் தேவைப்பட்டது என்பதே தீர்மானித்தது. இரண்டு பக்கத்துக்கும் கிழக்கு ஒரு பத்தாயம் மாதிரி. வடக்கில் தேவை வந்தால் இங்கிருந்து அள்ளுவார்கள்.

வருடங்களை வைத்துப் பாருங்கள். 1990 மார்ச்சில் இந்தியப் படை போனது. ஜூன் 11 அன்று கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றிவளைத்தார்கள்; சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். கல்லடி, கிரான் முகாம்கள் முற்றுகையிலும் விழவில்லை. சில வாரங்களில் ஆமி கரையோரப் பட்டினங்களைத் திரும்பப் பிடித்தது. அந்த வருடத்து ஓகஸ்ட், செப்டம்பரைப் பற்றி எங்கள் வயதுக்காரர் யாரும் லேசாகப் பேச மாட்டார்கள். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் ஓகஸ்ட் 3, ஒரு வாரம் கழித்து ஏறாவூர்: இரண்டு இடத்திலும் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் புலிகளால் கொல்லப்பட்டார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை ஆமி செப்டம்பர் 5 அன்று கொண்டுபோனது, திரும்பி வரவில்லை. நாலு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் ஊர்ச்சனத்தை ஆமி கொன்றது. மறு வருடம் ஜூன் 12, உங்கள் அம்மாவின் ஊர்ப் பக்கம், மகிழடித்தீவு: கண்ணிவெடியில் சிப்பாய்கள் இறந்ததற்குப் பழியாக ஊர்ச்சனம் சுட்டுக் கொல்லப்பட்டது. உங்கள் வீட்டில் பேசாமல் இருப்பதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம். வற்புறுத்திக் கேட்காதீர்கள்.

இந்தக் கொலைகளைப் போரியல் கணக்கில் சேர்ப்பது எனக்குக் கூசுகிறது. ஆனால் சேர்க்காமல் விட்டால் பதில் பிழையாகும். எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பாயில் கோடு போட்ட மாதிரி மாறி மாறி வரும். 1990க்குப் பிறகு புலிகளுக்கு அந்தக் கரை முழுவதும் ஒரே தளமாக இருக்கும் வாய்ப்பு போய்விட்டது. முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படை வந்தது. ஒரு தமிழ் ஊரிலிருந்து அடுத்த தமிழ் ஊருக்குக் கரையோரமாக நடந்து போக முடியாத நிலை வந்தது. அந்தப் பிளவு அரசுக்கு எவ்வளவு உதவியது என்பதை அளக்க என்னிடம் கருவி இல்லை. உதவியது என்பதில் சந்தேகமில்லை.

1991க்குப் பிறகு ஆமியும் பொலிஸின் விசேட அதிரடிப்படையும் படுவான்கரைக்குள்ளும் சிறு சிறு முகாம்களாகப் பரவின. நான் ஆயித்தியமலை, கரடியனாறு பக்கம் மூன்று நாலு வருடம் தொந்தரவு குறைவாக வேலை செய்த காலம் அது. சண்டை இருந்தது, ஆனால் இயக்கம் காட்டுக்குள் சிறு குழுக்களாக இருந்தது. அப்புறம் 1995. ஏப்ரலில் பேச்சு முறிந்தது. ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணத்தைப் பிடிக்க ரிவிரெச நடவடிக்கை தொடங்கியது. அதற்குப் பெருந்தொகை ஆள் வேண்டும். எங்கிருந்து எடுப்பது? கிழக்கின் சிறு முகாம்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அளவைக்குப் போகிற வழியில் வழக்கமாகப் பெயர் பதிகிற காவலரண் ஒரு காலையில் வெறும் மண்மூட்டையாகக் கிடக்கும். யாரும் சண்டை போட்டு அதைப் பிடிக்கவில்லை. இருந்தவர்கள் லொறியில் ஏறிப் போய்விட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் யாழ் நகரம் ஆமியிடம் வந்தது. அதே வேளையில் படுவான்கரை சத்தமில்லாமல் இயக்கத்திடம் போனது. உங்கள் வரைபடத்துச் சிவப்பின் பெரும்பகுதி இப்படி வந்தது. அரசு தெரிந்தே கொடுத்த விலை அது.

மிஞ்சிய முகாம்கள் சுலபமாக இருக்கவில்லை. 1996 டிசம்பரில் புளுக்குணாவை அதிரடிப்படை முகாம், 1997 மார்ச்சில் வவுணதீவு முகாம் தாக்கப்பட்டன. வவுணதீவு பட்டினத்துக்கு எவ்வளவு பக்கம் என்பது ஊர்க்காரருக்குத் தெரியும்; அந்த இரவு பட்டினத்தில் யாரும் தூங்கவில்லை. ஆனால் இத்தாக்குதல்கள் பட்டினத்தைப் பிடிக்க நடந்தவை போல எனக்குத் தோன்றவில்லை. முகாமில் இருப்பவனை முகாமுக்குள்ளேயே வைத்திருப்பது, ஆயுதம் எடுப்பது, வடக்கே அனுப்ப இருக்கும் ஆளை இங்கேயே கட்டிப்போடுவது: நோக்கம் அவ்வளவாகத்தான் தெரிகிறது. இது என் கணிப்பு.

மறுபக்கமும் இதையேதான் செய்தது. 1997 மே 13இல் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கி வவுனியாவிலிருந்து கண்டி வீதியால் ஆமி வடக்கே நகர்ந்தபோது, அதைத் தடுத்தவர்களில் பெரும் பங்கு மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள். 1993இல் உருவான ஜெயந்தன் படையணி அவர்களுடையது. காட்டு வழியாக நாள்கணக்கில் நடந்து வன்னிக்குப் போனார்கள். போன பலர் திரும்பவில்லை. படுவான்கரை இயக்கத்துக்குக் கொடுத்தது மூன்று: ஆள், நெல், காசு. நிலம் அந்த மூன்றையும் திரட்டுவதற்கான வெளி, அவ்வளவுதான். ஒவ்வொரு அங்குலத்தையும் காப்பதற்கென்று அங்கே பெரிய படை எதுவும் நிறுத்தப்பட்டிருக்கவில்லை. ஆட்சேர்ப்பு எப்படி நடந்தது என்றும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விரும்பிப் போனவர்களும் உண்டு. வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டு, பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனதும் உண்டு.

ஏன் ஒரு முன்னரங்கு கோடு வரவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. காசு எழுவான்கரையில் இருந்தது. கடை, சந்தை, ஒப்பந்தக்காரர், அரசாங்கச் சம்பளம் எல்லாம் ஆமி இருக்கும் பக்கம். வரி வாங்குகிற பக்கம் மறுகரை. கோட்டைப் போட்டு அடைத்தால் வரி நின்றுவிடும். ஆமிக்கும் படுவான்கரை நெல் பட்டினத்துக்கு வரவேண்டும். முழுதாக அடைத்தால் பட்டினம் கத்தும். ஆகவே சீமெந்து, பற்றரி, பசளை, மண்ணெண்ணெய் என்று ஒரு பட்டியல் போட்டு மறித்தார்கள். மற்றதெல்லாம் போய் வந்தது. காலையில் பால்காரர் இக்கரைக்கு வருவார், பின்னேரம் அக்கரைக்குப் போவார். இரண்டு படையும் ஒரே கதவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, எவ்வளவு திறப்பது என்று இழுபறிப்பட்டன.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்று. பழைய தியோடலைட் கருவியில் பார்த்தால் காட்சி தலைகீழாகத் தெரியும். வாவியோரக் காவலரண் ஒன்றில் என் முக்காலியைப் பார்த்துவிட்டு மோட்டார் குண்டு ஏவும் தாங்கியோ என்று சந்தேகப்பட்டு, பொருத்திக் காட்டச் சொன்னார்கள். பொருத்தினேன். ஒரு சிப்பாய் குனிந்து அக்கரையைப் பார்த்தான். தென்னை மரமெல்லாம் தலைகீழாக நிற்பதைக் கண்டு சிரிப்பு அடக்க முடியாமல் மற்றவர்களையும் கூப்பிட்டான். அரை மணி நேரம் போயிற்று. பாதையில் ஏறி அக்கரைக்குப் போனால் அங்கே துவக்கோடு நின்ற பெடியனுக்கும் அதே சந்தேகம். அவனும் குனிந்து பார்த்தான், இக்கரைத் தென்னையும் தலைகீழ்தான். அவனும் சிரித்தான். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது இருக்கும். நான் அன்று ஒரு கல் கூட நடவில்லை.

அம்பாறையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வரைபடம் அங்கே மிகவும் பிழை. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிந்த மாவட்டம் அது. உட்பகுதியில் கல்லோயாத் திட்டத்தின் சிங்களக் குடியேற்றங்கள், கரையில் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும். தமிழ் ஊர்கள் தொடர்ச்சியாக இல்லை; காரைதீவு, ஆலையடிவேம்பு, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று துண்டு துண்டாக இருக்கும். பொறுப்பு அதிரடிப்படையிடம். புலிகளுக்கு அங்கே இருந்தது திருக்கோவிலுக்கு மேற்கே கஞ்சிகுடிச்சாற்றுக் காடும் அதைச் சுற்றியும்தான். அது தளம்; மறைந்திருந்து வெளியே வந்து அடித்துவிட்டுத் திரும்பும் இடம். மாவட்டத்தை ஆண்ட நிலம் என்று அதைச் சொல்ல முடியாது. 2007 ஜனவரியில் அதிரடிப்படை உள்ளே போனபோது அங்கே பெரிய நேர்ச்சண்டை நடக்காததில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, கருணா. 2002 பெப்ரவரி 22 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு அந்த இழுபறிக் கதவு கடதாசியிலும் ஏறியது. வவுணதீவு, கறுத்தப் பாலம், மாங்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடை என்று கடவைகள் வந்தன. 2004 மார்ச் தொடக்கத்தில் கருணா வன்னித் தலைமையிடமிருந்து பிரிந்தார். வன்னிக்கு 1,000 பேரை அனுப்பச் சொன்னதை மறுத்ததுதான் உடனடிக் காரணம் என்று அப்போது அவர் தரப்பு சொன்னது. நிர்வாகத் துறைகளின் பொறுப்பாளர்களில் கிழக்கைச் சேர்ந்தவர் இல்லை என்பதும் அவர்கள் வைத்த குற்றச்சாட்டு. பண மோசடி விசாரணைக்குப் பயந்து பிரிந்தார் என்று மறுதரப்பு சொன்னது. இரண்டில் எது முதல் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் பத்தாயம் கதையோடு பொருத்திப் பாருங்கள். சண்டை நின்றிருந்த காலத்திலும் வடக்கே ஆள் கேட்டார்கள் என்பதே பிரிவின் உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டது. பத்தாயத்தில் இருந்த நெல் ஒரு நாள் பேசியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 9, பெரிய வெள்ளி. வன்னிப் படை வெருகலாற்றைக் கடந்து வந்தது. சில நாள்தான். கருணா தன் ஆட்களைக் கலைத்துவிட்டு வெளியேறினார். சிறுவர்கள் பலர் வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்தார்கள். அந்த வாரம் கிரான், வாழைச்சேனைப் பக்கத் தாய்மார் பிள்ளையைத் தேடி முகாம் வாசல்களில் நின்றதை நான் பார்த்தேன். இதில் போரியலாகக் கவனிக்க வேண்டியது: வன்னிப் படை வந்த வழி நான் நினைவில் வைக்கச் சொன்ன அதே வடக்கு வாசல். மூன்று வருடத்துக்குள் ஆமியும் அதே பாடத்தைத்தான் பயன்படுத்தியது.

பிரிவினால் வன்னித் தலைமை இழந்தது என்ன? ஆட்தொகை முதலாவது. எண்ணிக்கையை இரண்டு தரப்பும் தங்களுக்கு ஏற்ற மாதிரிச் சொன்னதால் எதையும் நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. இரண்டாவது, அறிவு. எந்தக் குளக்கட்டுக்குப் பின்னால் எது இருக்கிறது, எந்த வீட்டில் யார், எந்த ஒற்றையடிப் பாதை கோடையில் எங்கே முடியும் என்று தெரிந்தவர்கள் மறுபக்கம் போனார்கள். மூன்றாவதாக நான் நினைப்பது, ஊரின் மனது. 2004க்குப் பிறகு படுவான்கரையில் பிள்ளை கொடுக்க மனம் இருந்தவர்களும் தயங்கினார்கள். யாருக்குக் கொடுப்பது, யாரைச் சுட? பிரிந்து போனவர்கள் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதியில் செய்ததும் சின்ன விஷயம் இல்லை: கடத்தல், சிறுவரைச் சேர்த்தல். 2006 நவம்பரில் வந்த ஐ.நா. பிரதிநிதி அலன் ரொக், அதில் பாதுகாப்புப் படையினர் சிலருக்கும் பங்கு உண்டு என்று பகிரங்கமாகச் சொன்னார்.

இனி அந்த ஒரு வருடம். 2006 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்து மாவிலாற்று மதகைப் புலிகள் மூடினார்கள். கீழே இருந்த வயல்களுக்குத் தண்ணீர் நின்றது. அதை ஏன் மூடினார்கள், உத்தரவு எந்த மட்டத்திலிருந்து வந்தது என்பது இன்றும் வாதத்துக்கு உரியது. மூடியது அரசுக்குக் கிடைத்த வசதியான காரணம் என்பது என் கருத்து. ஓகஸ்டில் மூதூர்ச் சண்டை. செப்டம்பர் 4 சம்பூர் ஆமியிடம் போனது. அப்புறம் ஆமி படுவான்கரைக்கு வரவில்லை, முதலில் வாகரைக்குப் போனது. வரைபடத்தில் விரலை வைத்துப் பாருங்கள்: திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கீழிருந்து தொடங்கித் தெற்கே, வாலைப் பிடித்து இழுக்கிற மாதிரி, வன்னியோடும் கடலோடும் இருந்த தொடுப்பைத்தான் முதலில் அறுத்தார்கள். 2007 ஜனவரி 19 அன்று வாகரை ஆமியிடம் வந்த பிறகு படுவான்கரை கதவு பூட்டிய அறை. மார்ச் முடிவில் கொக்கட்டிச்சோலை, ஏப்ரலில் பதுளை வீதி, ஜூலை 11 குடும்பிமலை.

காலத்தையும் கவனியுங்கள். வாகரைச் சண்டை மாரி மழையில் நடந்தது. அது ஒடுக்கமான கரையும் ஒரு வீதியும். மழை இரு தரப்பையும் அதே வீதிக்குள் நெருக்கியது. படுவான்கரைக்கு ஆமி வந்தது பெப்ரவரிக்குப் பிறகு, வெள்ளம் வடிந்து வயல் காய்ந்து டிராக்டரும் கவச வாகனமும் வரம்பு ஏறிப் போகக்கூடிய காலத்தில். குடும்பிமலைக் காட்டுக்கு உச்சிக் கோடையில் போனார்கள். அந்தக் காட்டில் ஜூன், ஜூலையில் தண்ணீர் இருக்கும் குளங்களும் ஓடைக் கிடங்குகளும் கொஞ்சம்தான். நான் அங்கே அளவைக்குப் போன கோடையில் எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் சுமப்பதற்கே இரண்டு பேர் தனியாக வேண்டியிருந்தது. தண்ணீர் உள்ள இடத்தில் காத்திருந்தால் எதிரி அங்கே வருவான். சிறு சிறு குழுக்களாகக் கொமாண்டோக்களை உள்ளே விட்டு ஆமி செய்தது அதைத்தான் என்று நான் வாசித்த எல்லாவற்றிலிருந்தும் தெரிகிறது. ஒரு காலத்தில் புலிகள் ஆமிக்குச் செய்த வேலையை ஆமி புலிகளுக்குச் செய்தது. "வெறும் காட்டைப் பிடித்துவிட்டு விழாவா" என்று கொழும்பில் அப்போது கேலி பேசியவர்கள் இருந்தார்கள். அது காடுதான். ஆனால் தண்ணீர் உள்ள காடு.

இதில் உறுதியானவை: தேதிகள், வரிசை, வடக்கு வாசல் முதலில் மூடப்பட்டது, கனரக ஆயுதங்களோடும் தளபதிகளோடும் ஒரு பகுதியினர் முன்கூட்டியே வன்னிக்குப் போய்விட்டது. சந்தேகமானது, வன்னித் தலைமை கிழக்கை விட்டுவிடுவது என்று தெரிந்தே முடிவெடுத்ததா என்பது. கையில் இருக்கும் ஆளைக் காப்பாற்றி வடக்கில் நிற்போம் என்று நினைத்திருந்தால், அது பத்து வருடமாக அவர்கள் கிழக்கை நடத்திய முறையோடு பொருந்துகிறது. பொருந்துவதாலேயே அது உண்மை ஆகாது. இழப்புக் கணக்குகளைப் பற்றி ஒன்றே ஒன்று: இரண்டு பக்கத்து அறிக்கைகளையும் கூட்டினால் சண்டையிட்டவர்களைவிட இறந்தவர்கள் அதிகமாக வரும்.

பொதுமக்கள் கணக்கு அப்படிச் சிரிக்கக்கூடியது இல்லை. 2006 நவம்பர் 8 அன்று கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மேல் ஆமியின் செல் (எறிகணை) விழுந்தது; நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். புலிகள் பக்கத்தில் இருந்து அடித்தார்கள் என்பது ஆமியின் விளக்கம். சனத்தை வாகரையிலிருந்து வெளியேறவிடாமல் புலிகள் மறித்தார்கள் என்பதும் அங்கிருந்து வந்தவர்கள் சொன்னது. 2007 மார்ச்சில் படுவான்கரையில் செல் விழத் தொடங்கியதும் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். உங்கள் அம்மாவின் ஆட்களும் அந்தக் கூட்டத்தில் மண்முனைத் துறையாலோ பட்டிருப்பாலோ இக்கரைக்கு வந்திருக்கக்கூடும். கோவில் முன்றலிலும் பள்ளிக்கூடத்திலும் தறப்பாள் கட்டி இருந்தார்கள். மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் பல மாதம் மாட்டைப் பற்றியேதான் பேசினார்கள்.

இப்போது உங்கள் உள்கேள்வி. கருணா பிரியாமல் இருந்திருந்தால்? ஆமிக்கு வழிகாட்ட அவ்வளவு ஆள் கிடைத்திருக்காது. வாகரையில் நின்று சண்டை போட அந்த நிலம் தெரிந்த படை இருந்திருக்கும். ஒரு வருடம் இரண்டு வருடமாக நீண்டிருக்கலாம். ஆனால் அந்தப் படையை வடக்கு கேட்டிருக்காதா? 2007இலேயே மன்னார்ப் பக்கம் அழுத்தம் தொடங்கிவிட்டது. கேட்டால் போயிருப்பார்கள், போனால் படுவான்கரை மறுபடி வெறும் வெளி. இன்னொன்று, ஆமி இம்முறை 1995 மாதிரிக் கிழக்கை விட்டுவிட்டு வடக்கே போகவில்லை. முதலில் கிழக்கு, பிறகு வடக்கு என்று வரிசையை மாற்றியது. கிழக்கைப் பிடித்த பிறகு அதைப் பிடித்து வைக்கவும் ஆளை விட்டது. என் கணக்கில் இந்த வரிசை மாற்றத்துக்கும் கருணா பிரிவுக்கும் ஏறக்குறைய சம கனம். என்னைவிடப் படையியல் தெரிந்தவர்கள் இதில் மாறுபடலாம். நிலத்தின் ஒடுக்கத்தில் மாறுபட மாட்டார்கள்.

கடைசியாக உங்கள் வரைபடத்தில் ஒரு திருத்தம். தொப்பிகல என்று ஒரு புள்ளியும், அதற்குத் தெற்கே கொஞ்சம் தள்ளிக் குடும்பிமலை என்று இன்னொரு புள்ளியும் போட்டிருக்கிறார்கள், இரண்டுக்கும் இரண்டு தேதி வேறு. அது ஒரே மலை. சிங்களவர் கண்ணுக்குத் தொப்பி, எங்கள் கண்ணுக்குக் குடும்பி. வெள்ளைக்காரன் போட்ட பழைய, மைலுக்கு ஒரு அங்குல வரைபடத்தில் மூன்றாவதாக ஒரு பெயரும் இருக்கிறது, அதுவும் யாரோ ஒரு பிரபுவின் தொப்பிதான். தெற்கே இருக்கும் புள்ளியை அழித்துவிடுங்கள்.